கிராண்டு யார் பேரில்?

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கேம் கணக்கு பூட்டப்பட்டது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் அந்த நிறுவனத்தை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். காரணம் சின்னதுதான். பதினெட்டு வயதில் அந்தக் கணக்கைத் திறந்தபோது மலேசியாவுக்கென்று அவர்களிடம் கடையே கிடையாது. எல்லாரும் செய்ததை நானும் செய்தேன். வேறொரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் கிடைத்த ஓர் அஞ்சல் குறியீட்டைப் போட்டு உள்ளே போனேன். பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு நிரல், 'உங்கள் முகவரியை உறுதிப்படுத்தவும்' என்று கேட்டது. செனாவாங்கில் உட்கார்ந்துகொண்டு அந்த நாட்டு மின்கட்டண ரசீதுக்கு நான் எங்கே போவேன்? உள்ளே 41 கேம்கள் இருந்தன. பெரும்பாலும் தள்ளுபடியில் வாங்கியவை. சிலவற்றை மட்டும் முழு விலைக்கு வாங்கியிருந்தேன், முதல் சம்பளத்தின் திமிரில்.

அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்.

“காசு கட்டித்தான வாங்குன?”

“ஆமாம்மா.”

“ரசீது?”

“ஈமெயில்ல இருக்கு.”

“அப்புறம் எப்படிப் பூட்டுறான்?”

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலேயே, “கிராண்டு யாரு பேருல இருக்கு? அதக் கேளு மொதல்ல” என்றார்.

வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர்த் தமிழில் கிராண்டு என்றால் நிலப்பட்டா, வீட்டுப் பத்திரம், காரின் உரிமைப் பத்திரம் எல்லாமும்தான். வங்கிக் கடன் முடியும்வரை கிராண்டு வங்கியிடம் இருக்கும். கடன் முடிந்த அன்று அதை வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பிறகு இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைப்பார்கள். என் 41 கேம்களுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. எனக்கு அது முன்பே தெரியும். பொறியியல் படித்தவன், லைசென்ஸ் என்றால் என்ன என்று தெரியாமல் இருக்குமா? தெரிந்திருந்தும் 'என் கேம்' என்றே பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்தில் கணக்கு திரும்பி வந்துவிட்டது. வார்ப்புரு மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வந்தது. அன்று மாலையே சிரம்பானுக்குப் போய் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் இறக்கத் தொடங்கினேன். இறக்கி முடித்த பிறகுதான் பிரச்சினை. டிஸ்கில் இருப்பது பூட்டிய பெட்டி. சாவி இன்னும் அவர்கள் சர்வரில். பூட்டை உடைக்கும் மென்பொருள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அதையும் இறக்கி வைத்தேன். ஒரு சொடுக்குதான் பாக்கி. இரண்டு இரவு அந்தச் சொடுக்கைச் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பயத்தினால் இல்லை. என் வீட்டுக்குள், என் கணினியில் நடப்பதை எவன் வந்து பார்க்கப்போகிறான்? இது தப்பா இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை. அதுதான் தடுத்தது.

'பேக்கப்' என்ற வார்த்தை பல வேலைகளுக்குப் பொதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீமில் பேக்கப் எடுக்க வசதியே உண்டு. கேமின் கோப்புகளைக் கட்டி உங்கள் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரும்ப நிறுவ வேண்டுமென்றால் ஸ்டீமுக்குள் நுழைய வேண்டும். இணையச் செலவை மிச்சப்படுத்தும் வசதி அது, அவ்வளவுதான். அதே ஸ்டீமில் சில கேம்களுக்குப் பூட்டே இருக்காது. கோப்புறையை அப்படியே வேறு கணினிக்கு மாற்றினாலும் ஓடும். எது அப்படி, எது இல்லை என்று பெட்டிக்கு மேல் எழுதியிருப்பதில்லை. போலந்துக்காரர்கள் 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடையில் நிறுவு கோப்பையே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நாளைக்கு அந்தக் கடை மூடினாலும் அது ஓடும். நான் பேக்கப் என்று சொல்வது அதைத்தான். கொடுத்தவன் செத்துப் போனாலும் என்னிடம் இருப்பது இருக்க வேண்டும். கன்சோல்களில் நிலைமை இன்னும் இறுக்கம். பிளேஸ்டேஷன் 4இல் விளையாடிய இடத்தைச் சேமித்த கோப்பை யூஎஸ்பியில் நகலெடுக்க முடிந்தது. பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு அந்த வழியை எடுத்துவிட்டார்கள். மாதக்கட்டணம் கட்டினால் மேகத்தில் வைத்துக்கொள்ளலாம். என் சொந்த உழைப்பின் தடம் அது. அறுபது மணி நேரம் நான் செலவழித்ததற்கான சான்று. அதற்கும் வாடகை.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்று நினைப்பவர்களுக்கு 2017 செப்டம்பரை நினைவூட்ட வேண்டும். நான் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். ஃபைட் ஆஃப் காட்ஸ் என்று ஒரு சண்டை கேம் ஸ்டீமில் வந்திருந்தது. தைவான்காரர்கள் செய்தது. ஏசு, புத்தர், ஜீயஸ், ஒடின் எல்லாரும் குஸ்தி போடுவார்கள். ரசனையான பொருள் என்று சொல்ல மாட்டேன். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 24 மணி நேரக் கெடு கொடுத்தது. கெடு முடிந்ததும் முடக்கப்பட்டது அந்த ஒரு கேம் அல்ல, ஸ்டீம் கடை முழுவதும். மலேசியாவில் அந்த கேம் கிடைக்காதபடி செய்த பிறகு முடக்கம் நீங்கியது. ஓரிரு நாள் விவகாரம்தான். ஆனால் அந்த ஓரிரு நாளில் விடுதி இரண்டாகப் பிரிந்து கிடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணினியில் ஏற்கனவே இறக்கி வைத்திருந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினான். 'அப்புறம் இறக்கிக்கலாம்' என்று விட்டவன் நடைபாதையில் நின்று புலம்பினான். காசு கட்டியதில் இருவருக்கும் வித்தியாசம் கிடையாது.

அந்த முடக்கத்தின் நியாய அநியாயம் வேறு கட்டுரை. எனக்குப் பட்டது ஒன்றுதான். நமக்கும் நாம் வாங்கிய பொருளுக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள். கடைக்காரன், தயாரித்தவன், இணையச் சேவைக்காரன், அரசு. இதில் யாராவது ஒருத்தர் கையை மடக்கினால் போதும்.

கையை மடக்கிய கதைகள் நிறைய. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' நூல்களின் ஒரு பதிப்பை அமேசான் வாசகர்களின் கிண்டில் கருவிக்குள்ளேயே புகுந்து அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிய வந்ததாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். எத்தனையோ புத்தகங்கள் இருக்க அந்த '1984'ஐப் போய் அழித்தார்களே என்று அன்று உலகமே சிரித்தது. யூபிசாஃப்டின் தி க்ரூ 2014இல் வந்த கார் பந்தய கேம். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள். தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும் என்ற அமைப்பு, அதனால் வட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவனுக்கும் கேம் போய்விட்டது. பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்து லைசென்ஸையும் எடுத்தார்கள். இறந்த உடலைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல. இதைத் தொடர்ந்துதான் ராஸ் ஸ்காட் என்பவர் 'கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்றால், நீங்கள் பெறுவது லைசென்ஸ்தான் என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதற்கு முன்பே ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. நேர்மையான வரி. ஆனால் நேர்மை வந்ததே தவிர உரிமை வரவில்லை. 'இது வாடகை வீடு' என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு, விற்கிற விலையையே தொடர்ந்து வாங்குகிறார்கள்.

சரி, அந்தச் சொடுக்குக்கு வருகிறேன். எனக்கு எதிராக நானே வைத்த முதல் வாதம் இது. நீ 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினாய். யாரும் கையை முறுக்கவில்லை. நகலெடுக்க மாட்டேன், பூட்டைத் தொட மாட்டேன் என்று வாக்கு கொடுத்துவிட்டு இப்போது மீறினால் அது வாக்குத் தவறுவதுதானே?

'யாருங்க அதையெல்லாம் படிக்கிறா' என்பது வழக்கமான பதில். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கார் கடன் ஒப்பந்தத்தையும் படிக்கவில்லை. அதற்காக மாதத் தவணை கட்டாமல் இருக்கிறேனா? படிக்காமல் கொடுத்த வாக்கும் வாக்குதான். என் பதில் வேறு. பெரிய எழுத்தில், பச்சைப் பொத்தானில் 'வாங்கு' என்று இருந்தது. பதினாலாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில் 'இது விற்பனை அன்று' என்று இருந்தது. ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு சொல் வைத்திருந்தவர்கள் அவர்கள். காசு வாங்கும்போது முதல் சொல், கேள்வி கேட்கும்போது இரண்டாம் சொல். பொத்தானில் இருந்த வார்த்தையை நம்பி வந்தவனிடம் இரண்டாவதை மட்டும் நீட்டி 'வாக்கு தவறினாய்' என்று சொல்ல அவர்களுக்கு முடியாது. முதல் வாக்கைத் தவறியது அவர்கள்.

இந்த வாதம் எனக்குத் திருப்தியாக இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு. அப்புறம் ஓட்டை தெரிந்தது. பொத்தான் பக்கத்தில் 'லைசென்ஸ்' என்று தெளிவாக எழுதிய பிறகு நான் வாங்கியவை? அவற்றுக்கு இந்த வாதம் செல்லாது. தெரிந்தே வாடகைக்குப் போனவன், பிறகு வீடு என்னுடையது என்று சொல்ல முடியாது. என் 41இல் அப்படி ஆறு இருந்தன. அவற்றைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தி வைத்தேன். சிரிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 40ஆம் பிரிவு. மூலப் பிரதியின் உரிமையாளர், அது தொலைந்தால், அழிந்தால், பயன்படாமல் போனால் என்பதற்காகக் கணினி நிரலை நகலெடுத்து வைக்கலாம் என்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலும் 52ஆம் பிரிவில் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருக்கிறது. நெகிழ் வட்டு காலத்துச் சிந்தனை. வட்டு கெட்டுப்போகும், காசு கட்டியவன் ஏமாறக் கூடாது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். ஆனால் இன்று எனக்கு 'மூலப் பிரதி' எங்கே இருக்கிறது? நான் எதற்கு 'உரிமையாளர்'? பிரிவு அப்படியே நிற்கிறது, அது குறிப்பிடும் பொருள்தான் கடையிலிருந்து காணாமல் போய்விட்டது. அதோடு 2012இல் இரண்டு நாடுகளுமே திருத்தம் கொண்டுவந்து, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கின. பெட்டிக்குள் இருப்பது உன் பொருளாக இருக்கலாம், பூட்டைத் தொடாதே. நான் வழக்கறிஞன் இல்லை, என் வாசிப்பு இவ்வளவுதான். சட்டம் என்னைக் காப்பாற்றாது என்று தெரிந்ததில் ஒரு நன்மை. இனி யோசிக்க வேண்டியது நான் மட்டும்தான்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. 'பேக்கப்' என்று சொல்லிக்கொண்டு உலகம் செய்வது என்ன? நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம்களைக் கணினியில் ஓட்டும் யூசூ என்ற மென்பொருளை 'சொந்தப் பிரதியை ஓட்டுவதற்கு' என்றுதான் சொன்னார்கள். 2023 மே மாதம் புதிய செல்டா கேம் கடைக்கு வருவதற்கு முன்பே 10 லட்சம் தடவைக்கு மேல் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டதாக நிண்டெண்டோ வழக்கில் சொன்னது. 2024 மார்ச்சில் யூசூகாரர்கள் 24 லட்சம் அமெரிக்க டாலர் கட்ட ஒப்புக்கொண்டு கடையைச் சாத்தினார்கள். கடைக்கே வராத பொருளுக்கு யார் பேக்கப் எடுப்பார்? நான் இறக்கி வைத்த பூட்டுடைக்கும் கருவியும் அந்தக் கூட்டத்துக்காகச் செய்யப்பட்டதுதான். என்னைப் போன்ற யோக்கியன் அவர்களுக்கு நல்ல திரைச்சீலை.

யோக்கியன் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் வளர்ந்த தமானில் 'ஒரிஜினல்' என்ற பொருளையே யாரும் பார்த்ததில்லை. பாசார் மாலாமில் கரும்புச்சாறு கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, பிளாஸ்டிக் உறையில் பிளேஸ்டேஷன் 2 வட்டுகள். ஒன்று ஐந்து வெள்ளி, மூன்று எடுத்தால் பன்னிரண்டு. அமலாக்கத்தினர் வந்தால் மேசைத் துணியை நாலு மூலையும் பிடித்து மூட்டை கட்டிக்கொண்டு ஓடுவார்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வருவார்கள். ஒரிஜினல் வட்டின் விலை அப்பாவின் பல நாள் சம்பளம். எங்களுக்குத் திருட்டுப் பிரதி ஒரு தேர்வு அல்ல, அதுதான் கடை. வேலைக்குப் போன பிறகு முழு விலை கட்டி வாங்கியதில் எனக்கு ஒரு பாவ மன்னிப்பு இருந்தது என்றே நினைக்கிறேன். இதில் ஒரு கசப்பான நகைச்சுவையும் உண்டு. அந்த ஐந்து வெள்ளி வட்டுகளில் சில இன்னும் ஓடுகின்றன. முழு விலை கட்டியவைதான் மூன்று வாரம் பூட்டிக் கிடந்தன.

அந்த 41இல் ஒன்று 'வெண்பா'. விளையாடாதவர்கள் இருந்தால் விளையாடுங்கள். டொரொண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்து 2023 ஜூலை 31இல் வெளியிட்டது. எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது, சுயாதீன கேம் விழாவின் பெரும் பரிசு என்று வாங்கிக் குவித்தது. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, கறை படிந்து, வரிகள் அழிந்து போயிருக்கும். மிஞ்சியதை வைத்து இட்லி எப்படி அவிப்பது, எதை முதலில் வைப்பது என்று நாம் ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “ஓட்டைய இப்படி அடைச்சா ஆவி எப்படி மேல போகும்? தட்ட மாத்தி வை” என்றார். வீடியோ கேமில் என் அம்மா எனக்கு வழி சொன்ன ஒரே தருணம் அதுதான்.

கணக்கு பூட்டியிருந்த மூன்று வாரத்தில் அந்த கேமைத்தான் அடிக்கடி நினைத்தேன். கிழிந்த ஏட்டைப் பற்றிய ஒரு கதை, கிழியவே முடியாத ஓர் ஊடகத்தில் இருக்கிறது. காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். ஓரம் போகும், நடுவரி போகும், ஆனாலும் பாதி வாக்கியம் மிஞ்சும். மிஞ்சியதைப் பிடித்துக்கொண்டு ஒரு வெண்பாவோ ஓர் உ.வே.சாமிநாதையரோ மீதியை மீட்டுவிடலாம். லைசென்ஸ் அப்படிச் சாகாது. ஒன்று முழுசாக இருக்கும், அல்லது முழுசாக இருக்காது. 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்ற திரையில் ஊகிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

உ.வே.சா. தன் வரலாற்றில் கரிவலம்வந்தநல்லூருக்குப் போன கதையைச் சொல்கிறார். வரகுண பாண்டியரின் ஏடுகள் கோயிலில் இருந்தன என்று கேள்விப்பட்டுப் போனால், பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகப் பதில் வருகிறது. அப்படிச் செய்யச் சாத்திரமே இருக்கிறதாம். அழித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல என்பதுதான் அந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்வது. அவர்கள் விதிப்படி நடந்தார்கள். சர்வரை அணைப்பவரும் விதிப்படிதான் அணைக்கிறார். (யாழ் நூலகத்தை இந்த இடத்தில் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. எரித்தவனையும் சர்வரை அணைத்தவனையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது அநியாயம்.) தமிழில் எது மிஞ்சியதோ அது யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து நகலெடுத்ததால் மிஞ்சியது. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் செய்த ஆய்வில், அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைக்கவில்லை என்று தெரிய வந்தது. அவற்றில் இன்றும் விளையாட முடிகிறவை பல, யாரோ அனுமதி இல்லாமல் நகலெடுத்து வைத்ததால்தான் கிடைக்கின்றன.

ஆனால் ஏட்டு ஒப்புமையை ரொம்ப தூரம் ஓட்டக் கூடாது. ஏட்டை நகலெடுத்தவனால் சங்கப் புலவன் யாரும் பட்டினி கிடக்கவில்லை. 'வெண்பா'வை நான் பத்துப் பேருக்குக் கொடுத்தால், சிறு குழு ஒன்றின் அடுத்த கேமுக்கான பணத்தில் கை வைக்கிறேன். அதனால் என் டிஸ்கில் ஒன்று, என் பயன்பாட்டுக்கு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இரண்டாம் இரவில் இந்த முடிவுக்கு வந்திருந்தேன். காலையில் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கிராண்டு என்று சொன்னது வேடிக்கைக்கு அல்ல. அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில். இன்று தொழிற்சாலைகளும் தமான்களும் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியும் இருக்கும் இந்தப் பகுதியெல்லாம் அப்போது ரப்பர். தாத்தாவும் பாட்டியும் பால் மரம் வெட்டினார்கள். வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. மூன்று தலைமுறை சமைத்த அடுப்பானாலும், பிள்ளை பெற்ற அறையானாலும், சுவரில் ஆணி அடிக்கக் கிராணியிடம் சொல்ல வேண்டும். தோட்டம் கைமாறியபோது ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான். ஐம்பதுகளின் கடைசியில் நாடெங்கும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் பங்கு சேர்த்து, கெடாவின் புக்கிட் சீடிம் போன்ற தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. அனுமதியில் குடியிருப்பவன் என்றாவது வெளியேறுவான், கிராண்டு வேண்டும் என்ற ஒற்றைப் புரிதல்தான் அது. எங்கள் தாத்தாவும் பங்கு போட்டிருந்தார். ஆனால் எங்கள் தோட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை.

வீடு போனதோடு கேம் கணக்கு போனதை ஒப்பிட எனக்கே வெட்கமாக இருந்தது. அப்பாவுக்கு வெட்கம் எதுவும் இல்லை. “ரெண்டும் ஒரே எழுத்துதான்டா. 'இருந்துக்க'ன்னு சொல்றான். 'உன்னோடது'ன்னு சொல்லல” என்றார். அப்புறம், “பாட்டி கருவேப்பிலைக் கன்னு எடுத்துட்டு வந்துச்சு தெரியுமா?” என்று கேட்டார். தெரியும். வீட்டுக்குப் பின்னால் நிற்பது அதுதான். லயத்து மரத்தின் அடியில் முளைத்த பக்கக்கன்று. மரம் யாருடையது என்று பாட்டி எந்தத் துரையையும் கேட்கவில்லை. தாய் மரத்தைப் பின்னால் புல்டோசர் சாய்த்துவிட்டது.

“அப்போ நான் செய்யறது சரிங்கிறீங்களாப்பா?”

“நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? கன்னப் பத்தித்தான் சொன்னேன்.”

அந்த இரவு 35 கேம்களுக்குச் சொடுக்கினேன். பின்னால் வாங்கிய ஆறில் இரண்டு ஜிஓஜியில் கிடைத்தன. மறுபடி காசு கட்டி வாங்கி, நிறுவு கோப்பை வைத்துக்கொண்டேன். மீதி நாலு பூட்டோடு கிடக்கின்றன. ஒரு பிரதி என் மேசையில். இன்னொன்று அப்பாவின் இரும்பு அலமாரியில், வீட்டுக் கிராண்டு இருக்கும் அதே தட்டில். சின்ன டிஸ்குகளும் சாகும் என்பதால் இரண்டு.

இதை இங்கேயே முடித்திருப்பேன். போன பள்ளி விடுமுறையில் அக்கா மகன் வந்து நின்றான். பன்னிரண்டு வயது. என் பழைய கார் பந்தய கேம் ஒன்று அவனுக்குப் பிடித்துவிட்டது. “மாமா, எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க” என்றான். வழக்கமாக என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். 'வெண்பா' கேட்டபோது அவன் பேரில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆனால் இந்த கேம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. கார் பந்தய கேம்களுக்கு இது சகஜம். உள்ளே ஓடும் கார்களின் பெயரையும் உருவத்தையும் அந்தந்தக் கார் நிறுவனத்திடம் சில ஆண்டுகளுக்கு அனுமதி வாங்கித்தான் போடுகிறார்கள். அனுமதி முடிந்ததும் விற்பனையை நிறுத்திவிடுவார்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 4 அப்படித்தான் 2024 டிசம்பர் 15இல் கடையை விட்டுப் போனது. எனக்கு விற்றவனும் வாடகைக்குத்தான் குடியிருந்திருக்கிறான்.

காசு கொடுக்க நான் தயார், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நான் நகல் கொடுத்தால் யாருடைய வருமானமும் குறையாது. ஆனால் 'என் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இரண்டு இரவு உட்கார்ந்து நான் போட்ட கோடு அங்கேயே அழியும். பையனிடம் இதையெல்லாம் விளக்கப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டான்.

“அப்போ நீங்க செத்ததுக்கு அப்புறம் அந்த டிஸ்க் யாருக்கு மாமா?”

அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். அடுத்த விடுமுறைக்கு வரும்போது சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டிசம்பரில் வருவான்.